இரண்டு மாட்டு மீத்தேனில் ஒரு தரையிறக்கம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சாண எரிவாயுக் குழி இருக்கிறது. ஊரில் அதைக் கோபர் கேஸ் என்பார்கள். குழிக்குள் சாணக் கரைசல், அதன் மேல் தலைகீழாகக் கவிழ்த்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். சமையலறையில் அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். அந்த டிரம்மின் பக்கவாட்டில் நான் வெள்ளைப் பெயிண்டால் சென்டிமீட்டர் கோடுகள் போட்டிருக்கிறேன், பூஜ்யத்திலிருந்து அறுபது வரை. கோடு போட்ட நாள், பெயிண்ட் காய எடுத்துக்கொண்ட நேரம், அன்று வெயிலா மேகமா என்பது எல்லாம் என் நாட்குறிப்பில் உள்ளன. என்னைப் பற்றி இதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்வேன்.

சர்க்கரை ஆலையின் எடைமேடையில் இருபத்தாறு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்து மேடையில் நிற்கும், எடை போடுவேன். கரும்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்து மறுபடி நிற்கும், எடை போடுவேன். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் கரும்பு. வாழ்க்கையில் எனக்கு முழுமையாகப் புரிந்த ஒரே விஷயம் இந்தக் கழித்தல்தான். அதனால்தான், ஆலை ஓடாத ஒரு மாதத்தில் ஃபோனில் தற்செயலாக அந்த வீடியோவைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு ராக்கெட் மேலே போய், எரிபொருளைத் தீர்த்துவிட்டு, காலி டிராக்டர் மாதிரி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. நேராக, தன் சுடரின் மேலேயே இறங்கி. அதற்கு ஊற்றும் எரிபொருள் மீத்தேன் என்று சொன்னார்கள். எங்கள் குழியில் இருக்கும் அதே சாமான்.

அன்றே ஒரு புது நோட்டு வாங்கினேன்.

நோட்டில் ஏழு கட்டம். தேதி, இடம், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், சுடரின் நிறம், நின்றதா விழுந்ததா, கடைசியாக ‘வீண்’. ஏழாவது கட்டம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. மண்ணெண்ணெய் ஊற்றும் ராக்கெட் கரி கக்கும், மீத்தேன் ராக்கெட் அப்படிக் கக்காது, சுத்தமான எரிபொருள் என்று வீடியோவில் பேசுகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் விடவில்லை. எரிந்தால் சுத்தம், சரி. எரியாமல் போனால்? மீத்தேன் அப்படியே காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். இறங்கும் ராக்கெட் நடுவானில் எஞ்சினை அணைக்கிறது, மறுபடி பற்றவைக்கிறது. அணைக்கும்போதும் பற்றவைக்கும்போதும் கொஞ்சம் தப்பிக்கும். இறங்கி நின்ற பிறகு அடியில் மிச்சம் மீதி இருப்பதை வெளியே விட்டாக வேண்டும். கிளம்புவதற்கு முன்பே பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ புகைந்துகொண்டு இருக்கும். இதையெல்லாம் ஃபோன் திரையில் கண்ணால் பார்த்தே அளந்து, ‘கம்மி’, ‘மிதம்’, ‘ஜாஸ்தி’ என்று ஏழாவது கட்டத்தில் எழுதினேன். அந்த வெள்ளைப் புகையில் பெரும்பகுதி ஆக்சிஜன் என்பது ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் பதினோரு முறை ‘ஜாஸ்தி’ எழுதியிருந்தேன்.

சோதனைகள் பலவும் நம் கணக்குக்கு விடிகாலை ஐந்து, ஐந்தரைக்கு வரும். எனக்குச் சாணம் கரைக்கும் நேரமும் அதுதான். ஃபோனைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, கையால் சாணத்தைக் கரைத்தபடி, கடல் கடந்த ஏதோ திடலில் ஒரு ராக்கெட் ஆலைப் புகைபோக்கி உயரத்துக்கு எழும்பி, அங்கேயே சற்று யோசித்துவிட்டு, மெல்ல இறங்குவதைப் பார்ப்பேன். சில நிற்கும். சில நின்றுவிட்டு, நாம் மூச்சு விட்ட பிறகு, சாயும். நின்றால் மாடுகளிடம் சொல்வேன். எங்களிடம் இரண்டு கறவை மாடுகள். அவற்றின் ஒரு நாள் சாணத்தில் கிடைக்கும் கேஸ் ஓர் அடுப்பை இரண்டு மணி இருபது நிமிடம் எரிக்கும். இருப்பதிலேயே பெரிய ராக்கெட்டுக்குச் சுமார் ஆயிரம் டன் மீத்தேன் வேண்டும் என்று படித்திருந்தேன். எங்கள் எடைமேடைக் கணக்கில் அது எழுபது டிராக்டர். எங்கள் இரண்டு மாடுகளும் விடுப்பே எடுக்காமல் உழைத்தால் ஒரு ராக்கெட்டை நிரப்ப ஆறாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன். அவள் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாட்டுக்குப் புண்ணாக்கு தீர்ந்து இரண்டு நாள் ஆகிறது என்றாள்.

ராக்கெட் விடும் ஒரு நிறுவனத்துக்குக் கடிதம்கூட எழுதினேன். தரையிறங்கிய பின் மிஞ்சும் மீத்தேனின் எடை எவ்வளவு, அதை எரித்துவிடுகிறீர்களா, அப்படியே விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டு, ஃபோனிலேயே மொழிபெயர்த்து, மூன்று முறை சரிபார்த்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. எங்கள் நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி என்றது அந்தப் பதில். அதையும் அச்செடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் மகளுக்கு வளைகாப்பு வந்தது.

எங்களுக்கு ஒரே மகள். போன வருடம் களமருதூரில் கட்டிக்கொடுத்தோம். ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. பெண்ணைப் பெற்றவர்கள் ஏழு வகைச் சாதம் செய்து எடுத்துக்கொண்டு போய், அவளை மணையில் உட்காரவைத்து, வளையல் அடுக்கி, சாதத்தை ஊட்டி, பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். ஏழு முடியாதென்றால் ஐந்து. எதுவானாலும் ஒற்றைப்படை. சம்பந்தி அம்மாள் நல்லவர்தான், ஆனால் எண்ணுகிறவர். கல்யாணத்தில் நாங்கள் வைத்த சீர்த்தட்டுகளை இரண்டு முறை எண்ணினார். எண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்கும் என்று அப்போது மனைவியிடம் சொல்லி, கல்யாண வீட்டிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வளைகாப்புக்கு ஒரு மாதம் முன்பே மனைவி குழிப் பேச்சை எடுத்தாள். மகளும் பிள்ளையுமாக வீட்டில் மூன்று நான்கு மாதம் இருப்பார்கள், தினமும் வெந்நீர் வேண்டும், குழி இருக்கும் இடத்தை மூடிவிட்டு அங்கே தவலை வைக்கிற மாதிரி ஒரு விறகடுப்பு கட்டலாம் என்றாள். சமையலுக்குச் சிலிண்டரே போதும், இந்தச் சாண நாற்றத்தில் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட முடியாது என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தக் குழி நான் என் ஆயுளில் யோசித்துக் கட்டிய ஒரே பொருள். மற்றதெல்லாம் பிறர் கொண்டுவந்து நிறுத்தியதை நான் எடை போட்டது.

வளைகாப்புச் சாதம் ஏழையும் நாற்பது பேருக்குக் கோபர் கேஸிலேயே சமைத்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் மறுநாளே குழியை மூடிவிடலாம் என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“எம் பொண்ணு அவங்க வூட்டு ஜனத்துக்கு முன்னாடி தலை குனியக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு. மத்தபடி நீங்க எதுல வேணா சமைங்க” என்றாள்.

அதைச் சம்மதம் என்று பதிவு செய்தேன்.

திட்டம் எளிது. மூன்று நாள் வால்வை மூடி வைப்பது. ஒரு நாளுக்கு இரண்டு மணி இருபது நிமிடம் வீதம் மூன்று நாளுக்கு ஏழு மணி நேரக் கேஸ் சேரும். இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் எரித்தால் மூன்றரை மணி நேரம். காலை ஐந்துக்கு ஆரம்பித்தால் எட்டரை வரை தாராளம். எட்டு மணிக்கு வேன், பத்தரைக்கு நல்ல நேரம். அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். சிலிண்டர் வீட்டில் இருந்தால் மனைவி எனக்குத் தெரியாமல் அதைப் பற்றவைத்துக் கணக்கைக் கெடுத்துவிடுவாள் என்று, எதிர்வீட்டு மேஸ்திரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்து புதியது வராமல் இருந்தது. எங்கள் குழியைக் கட்டியவரும் அவர்தான். உதவி செய்தது போலவும் ஆயிற்று என்று எழுதினேன்.

அந்த மூன்று நாளும் மனைவி பின்பக்கம் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தாள். ஐப்பசி மாதம், ஈர விறகு. சுத்தமான கேஸைச் சேமிப்பதற்காக வீடு முழுக்கப் புகை. இரண்டாம் நாள் மத்தியானம் நான் ராக்கெட் நோட்டைத் திறந்து வைத்து ஒரு பழைய சோதனையின் சுடர் நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“ஆகாசத்துல போறவன் வுடற புகைய எண்ணிக்கினு இருக்கீங்களே, எங் கண்ணுல போற புகை எந்தக் கட்டத்துல வருது?”

எட்டாவது கட்டம் போடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.

டிரம் மட்டும் என்னை ஏமாற்றவில்லை. முதல் நாள் மத்தியானமே அறுபதுக்கு வந்துவிட்டது. மாலையில் பார்த்தேன், அறுபது. மறுநாள் காலை அறுபது, மாலை அறுபது. ‘நிறைவு. அசைவில்லை. ஆகவே கசிவும் இல்லை’ என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு இட்டேன். புதிதாக உண்டாகும் கேஸெல்லாம் ராக்கெட் தொட்டியில் இருப்பது போல உள்ளேயே அழுத்தமாக அடங்கியிருக்கிறது என்பது என் முடிவு. கரைசலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. உற்சாகமான நொதித்தல் என்று அதையும் எழுதினேன்.

வளைகாப்பு அன்று விடிகாலை நான்கரைக்கு எழுந்தேன். இரவில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மழையில் மிச்ச விறகும் நனைந்து கிடந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. மழையை அளந்து எழுதினேன், விறகை மூடவில்லை. அன்று காலை ஐந்தரைக்கு ஒரு தரையிறங்கும் சோதனை இருந்தது. மனைவிக்கு அது எப்படித் தெரிந்ததோ, என் ஃபோனை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்து மேலே பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டாள். சரியாக ஐந்து மணிக்கு வால்வைத் திறந்தேன். இரண்டு பெரிய குண்டான்களில் அரிசி உலை ஏறியது.

பத்து நிமிடத்தில் டிரம் நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக இறங்கக் கூடாது. அழுத்தம் சமன்படுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் சமையலறைச் சன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். இரண்டு அடுப்பையும் திறந்ததில் சுடர் தாழ்வாக எரிகிறது, உலை கொதிக்கவே இல்லை என்றாள். டிரம் மேல் கனம் வைத்தால் கேஸ் அழுத்தமாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். துணி துவைக்கும் கல்லைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கையருகில் இருந்த கனமான பொருள் நான்தான். எழுபத்தெட்டுக் கிலோ, அந்த மாதம் முதல் தேதிக் கணக்கு, செருப்பில்லாமல். வளைகாப்புக்காக எடுத்த புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

உடனே சன்னலில் குரல் வந்தது.

“ஏங்க, இன்னா பண்ணீங்க? இப்ப நல்லா எரியுது. அப்பிடியே வெச்சிக்கினு இருங்க.”

அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன். டிரம் மெதுவாக இறங்கியது. ஆடாமல், சாயாமல், நேராக. உட்கார்ந்தபடியே குனிந்து கோடுகளைப் பார்த்தேன். நாற்பது. முப்பத்து நான்கு. நிமிடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. மாடுகள் இரண்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. இதே நேரத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு ராக்கெட் இப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அன்று ஏதோ வால்வு சரியில்லை என்று அவர்கள் சோதனையைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆக, எனக்குத் தெரிந்தவரை அன்று காலை உலகத்தில் நடந்த ஒரே மீத்தேன் தரையிறக்கம் என்னுடையதுதான்.

இருபதுக்கு வந்தபோது, பாத்திரம் ஏற்ற உதவி செய்வதற்காக மேஸ்திரி வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தார். என்னைப் பார்த்து நின்றார். 

“இன்னா சார், அடைகாக்கறீங்களா?”

அழுத்தம் கொடுப்பதாகச் சொன்னேன். மூன்று நாள் கேஸ் உள்ளே இருக்கிறது, எடுத்த எடுப்பில் கொஞ்சம் மந்தமாக வருகிறது, வேறொன்றுமில்லை என்று விளக்கினேன். அவர் குனிந்து கரைசலின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு கோடுகளை. பிறகு என் முகத்தை.

“மூணு நாளா மூடியா வெச்சிருந்தீங்க? டிரம்முல அரை நாள் கேஸுதான் சார் நிக்கும். நெரம்பிச்சின்னா ஓரத்துல கொப்புளிச்சிக்கினு போயிடும். குழி கட்டறப்பவே சொன்னனே. நீங்ககூட நோட்டுல எழுதிக்கினீங்களே.”

அவர் சொல்லி முடிக்கவும் டிரம் குழிக்குள் அதைத் தாங்கும் கட்டையைத் தொடவும் சரியாக இருந்தது. மிக மெல்லிய ஒரு ‘டக்’. குலுக்கல்கூட இல்லை. ஐந்து மணி முப்பத்திரண்டு நிமிடம். சமையலறையில் இரண்டு அடுப்பும் ஒன்றாக அணைந்தன.

மனைவி வெளியே வந்தாள். டிரம்மோடு டிரம்மாகத் தரைமட்டத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“முடிஞ்சிச்சா?” என்றாள்.

“முடிஞ்சிச்சி.”

“எழுந்திரிங்க. எட்டு மணிக்கு வண்டி.”

அதற்குப் பிறகு நடந்த எதிலும் எனக்குப் பங்கில்லை. என் அட்டவணை கதவிலேயே இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. மேஸ்திரி அவர் வீட்டுக்குப் போய், பாதிக் காபி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பிலிருந்து எங்கள் சிலிண்டரைக் கழற்றித் தோளில் தூக்கிவந்தார். அவர் மனைவி கூடவே வந்து தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். ஒரு குண்டான் சாதம் என் தரையிறக்கத்திலேயே வெந்திருந்தது. அதை ஆறவைத்துப் புளி சாதமும் எலுமிச்சைச் சாதமும் ஆக்கினார்கள். சிலிண்டரில் புது உலை வைத்துத் தேங்காய், தக்காளி, மல்லி, தயிர் என்று அடுத்தடுத்து முடித்தார்கள். நான் நடுவில் நின்று ஒருமுறை மணி சொன்னேன். மனைவி தள்ளி நிற்கச் சொன்னாள்.

ஏழே முக்காலுக்கு ஆறு வகை தயார். ஆறு என்பது ஆகாது. ஒன்றை விட்டுவிட்டு ஐந்தாகக் கொண்டுபோனால் குற்றமில்லை, ஆனால் சர்க்கரைப் பொங்கல் வரும் என்று சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தோம். இனிப்பில்லாமல் எப்படி மகளுக்கு முதல் வாய் ஊட்டுவது? மனைவி நின்றவாறே சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில், அடுப்பு அணைந்தபோது பாதி வெந்த நிலையில் இறக்கி மூடி வைத்த இரண்டாவது குண்டான். திறந்தாள். இரண்டேகால் மணி நேரம் தன் சூட்டிலேயே ஊறி, அரிசி பருக்கை தெரியாமல் குழைந்து கிடந்தது. சாதத்துக்கு உதவாது. வேகவைத்திருந்த பாசிப்பருப்பை அதில் கொட்டி, வெல்லப் பாகை ஊற்றி, சிலிண்டரில் ஏற்றிக் கிளற ஆரம்பித்தாள். நெய் வாசனை வந்தபோது வேன்காரர் ஹாரன் அடித்தார்.

எட்டு பத்துக்குக் கிளம்பினோம். பத்து நிமிடத் தாமதம்.  பொங்கல் குண்டானை நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

களமருதூரில் நல்ல நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். சம்பந்தி அம்மாள் பாத்திரங்களை எண்ணினார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஏழு. முகம் மலர்ந்து உள்ளே அழைத்தார். மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டுத் திரும்பியபோது, பின்னாலிருந்து மெல்லிய குரலில், “அப்பா, வேட்டியில இன்னா அது?” என்றாள். டிரம்மின் துரு புது வேட்டியின் பின்பக்கம் பெரிதாக, முழு வட்டமாகப் பதிந்திருந்தது. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததில் ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. மனைவிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். மீதி விழா முழுக்கச் சுவரோடு ஒட்டியே நின்றேன்.

சாப்பிடும்போது சம்பந்தி அம்மாள் பொங்கலை ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பொங்கல் இன்னாங்க இவ்ளோ கொழைவா வந்திருக்குது? எனக்கு ஒருநாளும் இப்பிடி வந்தது இல்ல.”

இரண்டு பக்கத்து ஜனமும் உட்கார்ந்திருந்தது. மகள் அம்மாவைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மனைவி பரிமாறுகிற கையை நிறுத்தாமல் சொன்னாள்.

“எங்க வூட்டு கோபர் கேஸ்ல வெச்சதுங்க. அவரு பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கினாரு.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எடைமேடையில் இருபத்தாறு வருடம் இருந்தும் அவ்வளவு துல்லியமாக ஒரு வாக்கியம் என்னால் எழுத முடிந்ததில்லை. சம்பந்தி அம்மாள் உடனே தன் கணவரிடம், நமக்கும் ஒன்று கட்டலாமே, மாடு இருக்கிறதே என்றார். அவர் என் பக்கம் திரும்பி விவரம் கேட்டார். வேறு நாளாக இருந்தால் இரண்டு மணி நேரம் பேசியிருப்பேன். எங்கள் ஊர் மேஸ்திரியைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் மகளை அழைத்துக்கொண்டு வீடு வந்தோம். எல்லோரும் படுத்த பிறகு இல்லை, எல்லோரும் பார்க்க, கூடத்திலேயே உட்கார்ந்து குழி கட்டிய வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். டிரம் இறக்கிய நாளின் பக்கத்தில், என் கையெழுத்தில், நீல மையில் இருந்தது: ‘மேஸ்திரி சொன்னது: நிரம்பினால் ஓரமாகப் போய்விடும். தினமும் தீர்க்க வேண்டும்.’ கீழே நேரம்கூட எழுதியிருந்தேன். நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். எழுதியதைத் திருப்பிப் படிப்பதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன், யாரும் செய்யச் சொல்லாதது. அன்றுமுதல் இன்றுவரை ‘நிறைவு’ என்று எழுதிய நாட்களை எண்ணினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய நாட்கள், உறவினர் கல்யாணங்கள், ஆலை மும்முரத்தில் வீட்டில் சரியாகச் சமைக்காத நாட்கள். நூற்றுப் பதினேழு. ஒவ்வொன்றின் அடியிலும் பெருமையாகச் சிவப்புக் கோடு. அத்தனை நாளும் எங்கள் மாடுகளின் மீத்தேன் எரியாமல், பச்சையாக, என் கண் முன்னால் காற்றில் கலந்திருக்கிறது. அதே தொட்டியின் விளிம்பில் ஃபோனைச் சாய்த்து, கடல் கடந்தவர்கள் வீணாக்குவதை ‘மிதம்’ என்றும் ‘ஜாஸ்தி’ என்றும் நான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களுடையது எழுபது டிராக்டர், என்னுடையது ஒரு கூடைக்குக்கூட வராது. ஆனால் அவர்கள் தங்களுடையதைச் சேமிப்பு என்று எழுதிக்கொள்ளவில்லை. அந்த நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம் போட்டேன். முன்பு எழுதியதில் உள்ள தொனிக்கு வருந்துவதாக. வேலைக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி என்று பதில் வந்தது.

பேச்சுப்படி மறுநாள் குழியை மூட வேண்டும். நானே கடப்பாரையை எடுத்து வெளியே வைத்தேன். மனைவி காபியோடு வந்து கடப்பாரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகள் வாசல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, வேட்டித் துரு கதையை அவள் வீட்டுக்காரருக்கு ஃபோனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“குழி இருக்கட்டும்” என்றாள் மனைவி. “சம்பந்தி வூட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன், மூடினா கேப்பாங்க. ஆனா ஒருநாளும் நெரம்பக் கூடாது. காலைல அஞ்சு மணிக்கு இவளுக்கு வெந்நீர் போட்டே அதைத் தீத்துடணும். அத நீங்கதான் போடணும்.”

ஐந்து மணி. ராக்கெட் இறங்குகிற நேரம் அது என்று தெரியாமல் அவள் சொல்லவில்லை.

இப்போது தினமும் ஐந்துக்குத் தவலையை ஏற்றுகிறேன். டிரம் இறங்குகிறது. குளியலறைப் பக்கம் நாற்றம் குறைந்துவிட்டது என்று மனைவியே ஒப்புக்கொண்டாள். வீணாகப் போனதுதான் அவ்வளவு நாள் நாறியிருக்கிறது. ராக்கெட் சோதனைகளை நேரலையில் பார்ப்பதில்லை, சாவகாசமாகப் பிறகு பார்க்கிறேன். தள்ளி வைத்த அந்தச் சோதனையையும் அப்படித்தான் போன வாரம் ஒரு மத்தியானம் பார்த்தேன். நேராக வந்தது. இறங்கியது. நின்றது. அடியில் சற்று நேரம் தீ, பிறகு பக்கவாட்டில் வெள்ளையாகப் புகைந்தது. நோட்டை எடுத்தேன். ஆறாவது கட்டத்தில் ‘நின்றது’ என்று எழுதினேன். ஏழாவது கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனபோது சன்னல் வழியாக டிரம் தெரிந்தது. ஐம்பத்தெட்டு.

நோட்டை மூடிவிட்டுப் போய் வால்வைத் திறந்தேன். மகள் குளித்தாயிற்று, சமையல் முடிந்தாயிற்று, காபி குடிக்கும் நேரமும் இல்லை. அடுப்பில் வைக்க வேறொன்றும் இல்லாததால் மாடுகளுக்கு வைத்திருந்த கழுநீரைச் சூடு பண்ணினேன். மகள் எட்டிப் பார்த்து, இன்னாப்பா செய்றீங்க என்றாள். இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

கழுநீரைக் கொண்டுபோய் வைத்தேன். மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அதையும் எழுதி வைத்தேன்.